மந்தை மேய்க்கும் இன நாய்க்குட்டி குழந்தைகளின் காலைக் கவ்வுகிறதா? முழுமையான பயிற்சி வழிகாட்டி

குழந்தை கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடத் தொடங்கும் நொடியில் குட்டியைக் கவனித்துப் பாருங்கள். அதுவரை தரையில் சோம்பிக் கிடந்த குட்டி எழுந்து தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்துகிறது, காதுகள் பின்னால் மடிகின்றன, முன்னங்கால் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, கண் இமைப்பதில்லை. இது ஒரு நொடி நீடிக்கும், மிஞ்சினால் இரண்டு நொடி. அதற்குப் பிறகுதான் பாய்ச்சல், அதற்கும் பிறகுதான் குதிகாலில் பல். பெற்றோரின் காதில் விழுவது கடைசியில் வரும் அலறல் மட்டுமே என்பதால், அவர்கள் திருத்த முயல்வதும் கடைசியில் வரும் கடியை மட்டுமே. பயிற்சியை அதற்கு இரண்டு நொடி முன்பு, குட்டியின் கண் நிலைகுத்தும் இடத்திலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெல்டி, கோர்கி, ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினுவா ஆகிய இனங்களும் இவற்றின் கலப்புகளும் இதில் அடங்கும். எட்டு வார வயதில் வீட்டுக்கு வந்த குட்டியை மனத்தில் வைத்துப் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஐந்து மாதக் குட்டியாக இருந்தாலும் வரிசை இதுவேதான். பழகிப்போன பழக்கத்தை மாற்ற வேண்டியிருப்பதால் நாட்கள் மட்டும் கூடும்.

குட்டி ஏன் கவ்வுகிறது

ஓநாயின் வேட்டையில் இரையைக் கண்டுகொள்ளுதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் ஆகிய செயல்கள் ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மழுங்கடித்து, முந்தைய கண்ணிகளைக் கூர்மையாக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவைதாம் மந்தை நாய்கள். எந்தக் கண்ணி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் வேறுபடுவதால், உங்கள் குட்டி எப்படிக் கவ்வுகிறது என்பதும் வேறுபடும்.

பார்டர் கோலி பார்வையாலேயே ஆடுகளை மடக்கும் நாய். அதன் குட்டி குழந்தையை வெகுநேரம் உற்றுப் பார்க்கும், அகலமாக வளைத்து ஓடி முன்னால் வந்து மறிக்கும். பார்வைக்கு மசியாதபோதுதான் பெரும்பாலும் பல்லைப் பயன்படுத்தும். கோர்கியும் கேட்டில் டாக்கும் மாடு ஓட்டியவை. முறைத்தால் மாடு நகராது, குதிகாலில் பல் பட்டால்தான் நகரும். பல் பட்ட மாடு உதைக்கும் என்பதால், கிள்ளிவிட்டுச் சட்டென்று தாழ்ந்து விலகவும் இந்த நாய்களுக்குத் தெரியும். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் குட்டி இரண்டடி தள்ளி ஒன்றும் அறியாததுபோல நிற்பது அதனால்தான். ஜெர்மன் ஷெப்பர்டின் முன்னோர்களுக்கு, வேலியில்லாத வயலோரத்தில் நாள் முழுவதும் நடந்து எல்லை தாண்டும் ஆட்டை முழு வாயால் பிடித்து நிறுத்துவது வேலை. ஆகவே அந்தக் குட்டியும் மாலினுவாக் குட்டியும் நுனிப்பல்லால் கிள்ளுவதைவிடச் சட்டைக் கையை வாய் நிறையப் பிடித்துத் தொங்குவதையே விரும்பும்.

இதில் பெற்றோர் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துரத்துவதற்குக் குட்டிக்கு வேறு பரிசு தேவையில்லை, துரத்துவதே பரிசு. குழந்தை ஓடி, குட்டி துரத்தி, குழந்தை அலறிய ஒவ்வொரு முறையும் குட்டிக்கு ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கிறது, அதுவும் நீங்கள் நடத்தக்கூடிய எந்தப் பாடத்தையும்விடச் சுவையாக. பயிற்சி நடக்கும் வாரங்களில் இந்த இலவசப் பாடம் நடக்காமல் பார்த்துக்கொள்வது பயிற்சியின் பாதி வேலை.

எல்லாக் கடியும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. மடியில் கிடந்தபடி விரலை மென்றால், அது எல்லா இனக் குட்டிகளும் செய்கிற வாய் விளையாட்டு; பல் முளைக்கும் அரிப்பும் அதில் சேர்ந்திருக்கும். உணவுத் தட்டையோ எலும்பையோ யாராவது நெருங்கும்போது உடல் விறைத்து, தின்பதை நிறுத்தி, ஓரக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்த்து உறுமினால், அது உடைமைக் காவல். மூலையில் ஒடுங்கி, வாலை இடுக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் கடித்தால், அது அச்சம். பின்னிரண்டும் இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு உரியதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். மந்தைக் கவ்வலின் அடையாளம் எளியது: அசைவு இருந்தால் வரும், அசைவு நின்றால் பெரும்பாலும் நின்றுவிடும், குறி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே.

முதல் படி: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

பயிற்சி வழிகாட்டியில் தூக்கத்தை முதலில் வைத்திருப்பது விநோதமாகத் தோன்றலாம். சின்னக் குட்டிகள் நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கக்கூடியவை. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்குதான் முதலில் அடிபடுகிறது. யாராவது ஒருவர் எப்போதும் குட்டியைத் தூக்கிக்கொண்டோ கூப்பிட்டுக்கொண்டோ இருக்கிறார்கள். அசைவைத் தேடியே பிறந்த மந்தைக் குட்டி, வீட்டில் அசைவு இருக்கும்வரை தானாகப் படுத்துக் கண்ணை மூடாது. தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்குகிறது. தூக்கம் கெட்ட குட்டி கடிக்கிறது. மாலையில் பேய் பிடித்ததுபோல் கூடத்தைச் சுற்றிச்சுற்றி ஓடி எதிர்ப்பட்டதையெல்லாம் கவ்வும் குட்டியைப் பார்த்து "இன்னும் களைப்பாகவில்லை, இன்னும் விளையாட வேண்டும்" என்று முடிவு செய்வது, நான் பார்த்தவரை, இந்த இனங்களை வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை.

ஒரு மணி நேரம் விழிப்பு, அதன் பின் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓய்வு என்ற சுற்றில் பகலை அமையுங்கள். ஓய்வுக்குக் கூண்டோ மடக்குத் தடுப்பால் ஆன சிறிய அடைப்போ வேண்டும். ஒரு பக்கம் துணியால் மூடி, குழந்தைகள் நடமாடும் வழியிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்குள் இருக்கும்போது குட்டியை யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, கம்பிக்குள் விரலை நீட்டக்கூடாது. கூண்டைத் தண்டனையாக ஒருமுறைகூடப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் மெல்லுவதற்கோ நக்குவதற்கோ ஏதாவது கிடைக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தாலே கடிகளின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: வீட்டை ஒழுங்குபடுத்துங்கள்

கூடத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவே குட்டி தாண்ட முடியாத, ஆனால் ஊடாகப் பார்க்கக்கூடிய தடுப்புக் கதவு ஒன்று தேவை. குட்டியின் உடற்கச்சையில் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, கைப்பிடி வளையம் இல்லாத மெல்லிய கயிற்றை மாட்டி, நீங்கள் வீட்டில் கண்காணிக்கும் நேரங்களில் அது தரையில் இழுபட்டபடி இருக்கட்டும். வளையம் இருந்தால் மேசைக்காலில் மாட்டிக்கொள்ளும். யாரும் பார்க்காத நேரத்தில் கயிற்றைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பாய்கிற குட்டியைக் கையால் பிடித்தால் அதற்குக் கையும் விளையாட்டுப் பொருளாகிவிடும். கயிற்றின் மேல் காலை வைத்தால் போதும், பேச்சில்லாமல் பாய்ச்சல் நின்றுவிடும்.

ஒவ்வோர் அறையிலும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இழுவைக் கயிறு ஒன்று தொங்கட்டும். முழ நீளத்துக்குக் குறைவானது பயன்படாது, ஏனென்றால் குட்டியின் பல்லுக்கும் குழந்தையின் விரலுக்கும் நடுவே தூரம் வேண்டும். முதல் சில வாரங்களுக்குக் குழந்தைகள் வீட்டுக்குள்ளும் மூடிய காலணி அணிவதும், தரையில் புரளும் பாவாடை, தொங்கும் நாடா, அகலக் கால்சட்டை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் நல்லது. பெரியவர் ஒருவர் அறையில் இருந்து நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்காதபோது, குட்டியும் சிறு குழந்தையும் தடுப்பின் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது. அடுக்களையிலிருந்து காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு ஆகாது.

மூன்றாம் படி: பல்லின் அழுத்தத்தைக் கற்பியுங்கள்

குட்டி தன் பல்லின் வலுவை அறிவது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் வரிசை இங்கே பயன்படும்: முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதன் பிறகே எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பின்னாளில் என்றாவது வலியாலோ அச்சத்தாலோ அந்த நாய் கடிக்க நேர்ந்தால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த வாய்க்கும் தெரியாத வாய்க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இந்தப் படியைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். குழந்தையின் கையைப் பயிற்சிப் பொருளாக்கக்கூடாது.

குட்டி கடித்தால் குட்டியைப்போலவே கீச்சிட்டுக் கத்துங்கள் என்ற அறிவுரையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கலப்புப் பார்டர் கோலியிடம் நானும் அதை நம்பிப் பத்து நாள் கத்தினேன். முதல் நாள் குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து நான் கத்துவதற்காகவே கடித்தது. மென்மையான சில குட்டிகளிடம் அந்த முறை எடுபடலாம். கீச்சென்ற ஒலியும் விலுக்கென்று இழுக்கப்படும் கையும் மந்தைக் குட்டிக்கு இரை தப்பியோடும் செய்தியாகவே படுகின்றன.

அதற்கு மாறாக இப்படிச் செய்யுங்கள். பல் அழுந்தியதும் கையை இழுக்காமல் அப்படியே தளரவிடுங்கள். குட்டி விட்டதும், ஓசையில்லாமல் எழுந்து தடுப்புக் கதவைத் தாண்டி மறுபக்கம் போய் 15 நொடி நில்லுங்கள். திரும்பி வந்து இழுவைக் கயிற்றை நீட்டி விளையாட்டைத் தொடருங்கள். நடந்து விலகும்போது குட்டி குதிகாலைக் குறிவைக்கும் என்பதால், தடுப்புக் கதவுக்குப் பக்கத்திலேயே, ஓரெட்டில் தாண்டும் தூரத்தில் உட்கார்ந்து விளையாடத் தொடங்குவது நல்லது. தொடர்ந்து மூன்று முறை இப்படிப் போய்வந்தும் கடி கூடுகிறதென்றால், குட்டிக்குப் பாடம் ஏறவில்லை என்று பொருளல்ல. தூக்கம் வந்துவிட்டது என்று பொருள்.

நான்காம் படி: அசைவில்லாத இடத்தில் நான்கு சொற்கள்

குழந்தைகள் இல்லாத அறையில், மூன்று முதல் ஐந்து நிமிடப் பாடங்களாக, நாளுக்கு மூன்று நான்கு முறை நடத்துங்கள். பரிசுத் தீனி சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். அன்றாட உணவின் அளவிலிருந்தே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்த நொடியைக் குறிக்க "சரி" என்பதுபோன்ற ஒரு சின்னச் சொல்லை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாரும் அதே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, குட்டியின் பெயர். பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் "சரி", உடனே தீனி. பெயரைத் திட்டுவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது "தொடு": விரித்த உள்ளங்கையை மூக்கால் தொடுதல். கையை நோக்கி வாயை மூடிக்கொண்டு வருவதற்கு ஒரு காரணத்தைக் கொடுப்பதால், இது பார்ப்பதற்கு அற்பமாக இருந்தாலும் பயன் பெரிது. மூன்றாவது "விடு": வாயிலிருப்பதைப் பிடுங்காமல், மூக்கருகில் தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுதல், விட்ட பொருளைப் பெரும்பாலான முறை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் விடுவது இழப்பாகத் தோன்றாது. நான்காவது "இடம்": ஒரு விரிப்பில் போய்ப் படுத்தல். முதலில் மூன்று நொடி, பிறகு பத்து, பிறகு ஒரு நிமிடம் என்று வளர்த்துக்கொண்டு போகலாம். அடுத்த படியில் எல்லாச் சுமையையும் தாங்கப்போவது இந்த விரிப்புதான்.

ஐந்தாம் படி: அசைவை அளந்து கொடுங்கள்

மற்ற படிகளை மற்ற இனங்களுக்கான எந்த வழிகாட்டியிலும் ஏறத்தாழ இதே வடிவில் காணலாம்; மந்தைக் குட்டிக்கென்றே உரிய படி இது. ஓடும் குழந்தையைக் கண்டதும் துரத்த வேண்டும் என்ற தூண்டுதலுக்குப் பதிலாக, ஓடும் குழந்தையைக் கண்டதும் என்னை வளர்ப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தைப் பதிய வைப்பதே நோக்கம். அதற்கு அசைவை மிளகாய்ப்பொடி சேர்ப்பதைப்போலச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும்.

குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அல்லது விரிப்பில் படுக்கவைத்து, நீங்கள் பக்கத்தில் அமருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆறேழு மீட்டர் தள்ளி, குறுக்காக, மெதுவாக நடந்து போகட்டும். குட்டி அவரைப் பார்க்கும். பார்த்த அந்த நொடியிலேயே, அது உடலைத் தாழ்த்துவதற்கு முன்பே, "சரி" என்று சொல்லித் தீனியை உங்கள் மடியருகே கொடுங்கள். அசைவைப் பார்த்ததற்கே தீனி கிடைப்பது முதலில் குட்டிக்குப் புரியாது. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு ஒரு மாற்றம் வரும்: நடப்பவரைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதற்கு முன்பே, "எங்கே என் தீனி?" என்று கேட்பதுபோல் குட்டி உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தக் கழுத்துத் திருப்பம்தான் நீங்கள் வாரக்கணக்கில் வளர்க்கப்போகும் பயிர். இனிமேல் "சரி" என்ற சொல்லை அந்தத் திருப்பத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அசைவைக் கூட்டுங்கள். பெரியவர் வேகநடை, பெரியவர் மெல்லோட்டம், குழந்தை நடத்தல், குழந்தை துள்ளி நடத்தல், குழந்தை மெல்ல ஓடுதல், இரண்டு குழந்தைகள் ஓடுதல், கடைசியாகக் குரலெழுப்பிக்கொண்டு ஓடுதல் என்பது எனக்குப் பொருந்திவந்த வரிசை. குட்டியை நோக்கி நேராக வருவதையும், குட்டியிடமிருந்து விலகி ஓடுவதையும் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். விலகி ஓடும் கால்களே எல்லாவற்றிலும் கடினமான சோதனை. ஒவ்வொரு முறையும் அசைவின் வேகத்தைக் கூட்டினால் தூரத்தையும் கூட்ட வேண்டும். தூரத்தைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கடினமாக்கினால் குட்டி தோற்கும். பத்து முறையில் எட்டு முறை குட்டி தானாகத் திரும்பிப் பார்த்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். ஐந்துக்கும் கீழே இறங்கினால் ஒரு நிலை பின்வாங்க வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

குட்டியின் தலை தாழ்ந்து, கண் நிலைகுத்தி, பெயரைச் சொல்லியும் காது அசையாவிட்டால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். அந்த நிலையில் எந்தச் சொல்லும் உள்ளே போகாது. அதட்டுவதும் வீண், தீனியை மூக்கில் தேய்ப்பதும் வீண். எழுந்து குட்டியோடு நான்கைந்து மீட்டர் பின்னால் நடந்து, அது உங்களைப் பார்க்கக்கூடிய தூரத்தில் மறுபடி தொடங்குங்கள். மிதிவண்டி, சறுக்குப் பலகை, துடைப்பம், உருளும் பந்து ஆகிய ஒவ்வொன்றும் குட்டிக்குத் தனித்தனி மந்தை. குழந்தையிடம் கற்றதை மிதிவண்டியிடம் அது தானாகப் பொருத்திப் பார்க்காது. ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட விரைவாக முடியும்.

ஆறாம் படி: குழந்தைகளுக்கான பாடம்

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்து அதை நம்பியிருக்க முடியாது. அந்த வயதில் தடுப்புக் கதவுதான் விதி. சிறு குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால், இந்த வயதினருக்கு நாய்க்கடிகள் தலையிலும் முகத்திலும் படுவது அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

நான்கு முதல் எட்டு வயதுக்குள் "மரம்" விளையாட்டைக் கற்பியுங்கள். குட்டி நெருங்கி வந்து துள்ளினாலோ கால் சட்டையைப் பிடித்தாலோ குழந்தை உடனே நிற்க வேண்டும்; கைகளை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டு, கிளைகளை மடித்துக்கொள்ள வேண்டும்; தலையைக் குனிந்து தன் வேரை, அதாவது பாதத்தை, பார்த்துக்கொண்டு மனத்துக்குள் எண்ண வேண்டும். அசைவு நின்றால் மந்தையும் நின்றுவிட்டது. குட்டிக்கு வேலை முடிந்துவிட்டது. குட்டி இல்லாத நேரத்தில், நீங்களே குட்டியாக நடித்துக் கூடத்தில் துரத்தி, இதை இருபது முறையாவது விளையாடிப் பாருங்கள். பதற்றத்தில் நினைவுக்கு வருவது காதால் கேட்ட அறிவுரையாக இருக்காது, உடம்பு பழகியதாகவே இருக்கும். பெரியவர் ஓரிரு நொடியில் வந்து கயிற்றைப் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையும் குழந்தைக்கு இருக்க வேண்டும். மரமாக நின்ற குழந்தையை ஒருமுறை கடிபட விட்டால் அடுத்தமுறை அது நிற்காது, ஓடும்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பயிற்சியில் பங்கெடுக்கலாம். ஐந்தாம் படியில் ஓடுபவராக மட்டும் இல்லாமல், ஓடி நின்று, தீனியைக் குட்டியை நோக்கித் தரையில் உருட்டிவிடுபவராகவும் அவர்கள் இருக்கட்டும். குழந்தை நின்ற இடத்திலிருந்து தீனி உருண்டு வருமென்றால், குட்டி குதிகாலை நோக்கிப் பாயாமல் தரையை மோப்பம் பிடித்தபடி வரும். ஒளிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இரண்டு பந்துகளை மாற்றி மாற்றி எறிவது, தீனியை அறையில் ஒளித்துத் தேடவைப்பது ஆகியவை இரு தரப்புக்கும் நல்ல விளையாட்டுகள். துரத்திப்பிடித்தல், தரையில் உருண்டு மல்லுக்கட்டுதல், முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டுதல் ஆகியவற்றைக் குட்டியோடு விளையாடக்கூடாது. பயிற்சி முடியும்வரை என்று சொல்லாமல், அடியோடு. தின்னும் குட்டியையும் தூங்கும் குட்டியையும் தொடாதிருப்பதும், கழுத்தைக் கட்டிப்பிடிக்காதிருப்பதும் எல்லா வயதினருக்கும் பொது.

ஏழாம் படி: உள்ளிருக்கும் வேலைக்காரனுக்கு வேலை

அடக்கிவைத்த தூண்டுதல் எங்கேயாவது வெளிவந்தே தீரும். நீளமான குச்சியின் நுனியில் கயிறு கட்டி, அதன் முனையில் மென்மையான பொம்மையைக் கோத்துத் தரையோடு இழுக்கும் விளையாட்டு, இந்தக் குட்டிகளுக்கு உகந்தது. உற்றுப் பார்த்துக் காத்திருத்தல், "போ" என்றதும் துரத்தல், பிடித்தல், "விடு" என்றதும் விடுதல் என்று முழுச் சுற்றும் உங்கள் கட்டுப்பாட்டில் நடக்கிறது. மூன்று நிமிடம் போதும்; எலும்பு வளரும் வயதில் கூர்மையான திருப்பங்களும் உயரத் தாவல்களும் வேண்டாம், பொம்மை தரையோடே இருக்கட்டும். இதைப் பெரியவரே நடத்த வேண்டும்.

ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓடவிட்டுத் துரத்தவைக்கும் பொம்மையை இந்த இனங்களிடம் பயன்படுத்தவே வேண்டாம். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்தித் துரத்தி, பிறகு நிழலையும் வெளிச்சத்தையும் நாள் முழுவதும் துரத்தும் நோயாக அது முற்றிவிடுவதுண்டு. நூறு முறை பந்தெறிந்து களைப்படையவைப்பதும் எதிர்விளைவைத் தரும்: குட்டியின் உடல் வலுக்கும், மனம் அடங்கக் கற்றுக்கொள்ளாது.

செய்யக்கூடாதவை

வாயை அழுத்தி மூடிப்பிடித்தல், மூக்கில் தட்டுதல், மல்லாக்கப் புரட்டி அமுக்குதல், நாக்கை அழுத்துதல் ஆகியவை இன்னும் அறிவுரைகளாகச் சுற்றிவருகின்றன. இவற்றால் குட்டி கற்பது, கை வந்தால் வலி வரும் என்பதை மட்டுமே. பெரியவரின் கைக்கு அஞ்சி அடங்கும் குட்டி, அதே அச்சத்தைக் குழந்தையின் சிறிய கையிடம் கடியாகத் திருப்பும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நடத்தைச் சிக்கல்கள் உட்பட எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசு அடிப்படையிலான முறைகளையே பரிந்துரைத்திருக்கிறது. உறுமலுக்கும் தண்டனை கூடாது. உறுமல் எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றினால் தீ அணைந்துவிடாது.

எவ்வளவு நாள் ஆகும்

குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் நனைத்து முறுக்கி உறையவைத்த துணி, அழுத்தினால் சற்றே நெகிழும் ரப்பர் பொம்மை ஆகியவை ஈறு வலியைத் தணிக்கும். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியான எலும்பும் கொம்பும் பல்லை உடைத்துவிடும். "பல் விழுந்து முளைத்தால் எல்லாம் சரியாகும்" என்று சொல்வார்கள். வாய் விளையாட்டைப் பொறுத்தவரை அது உண்மை. மந்தைக் கவ்வலுக்கு அது பொருந்தாது. ஆறு மாதத்துக்குப் பின் வரும் விடலைப் பருவத்தில் இனத்தின் இயல்பு இன்னும் தெளிவாக வெளிப்பட்டு, முடிந்துவிட்டதென்று நினைத்த துரத்தல் திரும்பி வரக்கூடும். அப்போது புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கயிற்றை மாட்டி ஐந்தாம் படியின் நடுப்பகுதியிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.

மருத்துவரையும் வல்லுநரையும் நாட வேண்டிய நேரம்

பல் தோலைக் கீறி இரத்தம் வந்தால், குட்டி சொந்தக் குட்டியே ஆனாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதை ஒட்டியே போடப்படுவதால், அதற்கு முன்பு பட்ட காயத்தைப் பற்றி நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

உணவையோ பொம்மையையோ விறைத்து நின்று காப்பது, கவ்விய பின் விடாமல் உலுக்குவது, அசையாமல் நிற்கும் குழந்தையைத் தேடிப்போய்க் கடிப்பது, குறிப்பிட்ட ஒரு குழந்தையைக் கண்டாலே ஒடுங்குவது ஆகியவற்றில் எதுவும் தென்பட்டால், நடத்தைச் சிக்கல்களைக் கையாளும் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். நன்றாக இருந்த குட்டி திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதலில் ஐயப்பட வேண்டியது வலியை: காது, வயிறு, மூட்டு. கூப்பிட்டால் ஒருபோதும் திரும்பாத குட்டியென்றால் செவித்திறனையும் சோதித்துப் பாருங்கள். மெர்ல் எனப்படும் திட்டுத்திட்டான நிறமுடைய இரு பெற்றோருக்குப் பிறந்த, பெரும்பகுதி வெள்ளையான குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை ஏற்படும் வாய்ப்பு அதிகம். அத்தகைய குட்டிக்கு "சரி" என்ற சொல்லுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி இதே படிகளைச் செய்யலாம்.

வீட்டுக் குழந்தைகளோடு எல்லாம் சரியாகிவிட்ட பிறகும், பிறந்தநாளுக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக வந்து ஓடும் நாள் வரும். அன்று குட்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். காலையிலேயே நடத்திக் கூட்டிவந்து, உறையவைத்த உணவு திணித்த ரப்பர் பொம்மையோடு தடுப்புக்கு அப்பாலுள்ள அறையில் விட்டு, கதவைச் சாத்தி, "திறக்காதீர்கள்" என்று பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.